பேண்டு செட்டோடு ஊர் ஊராகச் செல்பவர் ஞாயிறு கடனை எவ்வாறு நிறைவேற்றுவது?

காட்பாடி யூபோனியம் எழுதியது:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

காட்பாடி வட்டத்தில் உள்ள ஒரு கிளைக் கிராமத்தைச் சேர்ந்தவன் நான். வயது 22. பள்ளி பேண்டில் கற்றுக்கொண்ட யூபோனியம் என்ற பித்தளை ஊதுகருவிதான் இன்று என் வீட்டில் அடுப்பெரியக் காரணம். இரண்டு ஆண்டுகளாக வேலூரில் ஒரு பேண்டு செட்டில் வாசித்து வருகிறேன். பதினான்கு பேர் கொண்ட குழு அது. அதில் கத்தோலிக்கர் நான் ஒருவன்தான். தை பிறந்துவிட்டால் வைகாசி முடியும்வரை வீடு தங்குவது அரிது. சித்தூர், பலமநேர், குப்பம், தங்கவயல், கிருஷ்ணகிரி, பெங்களூர் என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

என் மனதை அரிக்கும் செய்தி இதுதான்: ஞாயிறு கடன், அதாவது ஞாயிறுதோறும் திருப்பலியில் (பூசையில்) பங்கேற்கும் கடமை, எனக்குத் தவறிக்கொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் அமைந்தால் விடுமுறை நாள் என்று எல்லோரும் அந்த நாளையே பிடித்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும் இருக்கும். ஞாயிறு விடியற்காலையில் முகூர்த்தத்திற்கு மண்டபத்து வாசலில் நிற்க வேண்டும். பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினால் மாலைக்குள் அடுத்த ஊர். சனி மாலைத் திருப்பலியும் கிடைப்பதில்லை, ஞாயிறு காலைத் திருப்பலியும் கிடைப்பதில்லை. சென்ற பருவத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஞாயிறுகள் இப்படியே கழிந்துவிட்டன. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது, "பிழைப்புக்காகப் போனாயா, அல்லது கேட்டுப் பார்க்காமலேயே விட்டுவிட்டாயா?" என்று சாமியார் கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. ஏனெனில் நான் யாரிடமும் எதையும் கேட்டதே இல்லை.

இறைச்சியைத் தவிர்க்க வேண்டிய தவக்கால வெள்ளிகளும் எனக்குச் சிக்கலாகவே இருக்கின்றன. ஆம்பூர்ப் பக்கம் திருமணம் என்றால் குழுவுக்கென்று பிரியாணி அண்டாவே தனியாக வந்துவிடும். அம்மன் கோயில் திருவிழாக்களில் வாசிப்பது பற்றியும் உறவினர்கள் சிலர் குத்திப் பேசுகிறார்கள். இந்த வாழ்க்கையை அறிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

மறைக்கல்வி ஆசிரியை, வேலூர், எழுதியது:

தம்பி, முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பலர் அதை உள்ளதைவிடக் கடுமையாகவும், வேறு சிலர் உள்ளதைவிட இளக்காரமாகவும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1247ஆம் எண், ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்கள் எனப்படும் கட்டாயத் திருநாள்களிலும் திருப்பலியில் பங்கேற்கும் கடமை விசுவாசிகளுக்கு உண்டு என்கிறது. அதற்கு அடுத்த எண், அந்த நாளிலோ அதற்கு முந்திய நாள் மாலையிலோ, கத்தோலிக்க வழிபாட்டு முறை எதுவாக இருந்தாலும், எந்த இடத்தில் பங்கேற்றாலும் கடன் நிறைவேறும் என்கிறது. சொந்தப் பங்கிலேயே (தன் ஊருக்குரிய கோவிலிலேயே), தமிழிலேயே பங்கேற்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. சித்தூரில் தெலுங்குத் திருப்பலியாக இருக்கலாம், கேரளத்துக்குச் சென்றால் சீரோ மலபார் முறைத் திருப்பலியாக இருக்கலாம், இரண்டுமே முழுமையானவை. மொழி புரியாவிட்டாலும் எந்த இடத்தில் எழ வேண்டும், எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் என்பது உங்கள் உடம்புக்கே தெரியும்.

உண்மையாகவே முடியாமற்போகும் நாள்களும் உண்டு. நோய், கைக்குழந்தையைப் பராமரித்தல் போன்ற தக்க காரணம் இருந்தால் கடமை தானாகவே தளர்கிறது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2181ஆம் எண்ணில் கூறுகிறது. வேலை அந்த வகையில் அடங்குமா என்பதை நீங்களே உங்களுக்கு நீதிபதியாக இருந்து முடிவு செய்ய வேண்டாம். தனிப்பட்டவர்களுக்குத் தக்க காரணத்தின்பேரில் விலக்கு அளிக்கவும், அந்தக் கடமையை வேறொரு பக்திச் செயலாக மாற்றித் தரவும் பங்குத்தந்தைக்கு 1245ஆம் எண் அதிகாரம் தருகிறது. நம் மக்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. பருவம் தொடங்குமுன் அவரிடம் சென்று, இன்னின்ன ஞாயிறுகளில் எனக்கு வழியில்லை என்று நாள்களோடு சொல்லுங்கள். நடந்து முடிந்த பிறகு வருந்துவதைவிட அது நேர்மையானது.

வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 14 வயது நிறைந்த அனைவருக்கும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி உண்ணாமை, உண்டு. ஒருசந்தி, அதாவது நாளில் ஒரு வேளை மட்டும் முழு உணவு, 18 வயது முதல் 60ஆம் வயது தொடங்கும்வரை; திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் இரண்டும் சேர்ந்த நாள்கள். ஆகவே தவக்கால வெள்ளியில் ஆம்பூரில் இருந்தால், பிரியாணியை விட்டுவிட்டுத் தயிர்ச்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். விருந்து வீட்டார் விரதம் என்ற சொல்லை நன்கு அறிந்தவர்கள். நோன்பு இருப்பவரை மதிக்கத் தெரிந்தவர்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருந்தால் போதும். தண்ணீரும் மருந்தும் அதற்குத் தடையில்லை. எனவே காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தில் சாப்பிட்டதற்காகப் பதினொரு மணித் திருப்பலியில் நற்கருணை வாங்காமல் திரும்ப வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற கிளாரினெட், கம்மவான்பேட்டை, எழுதியது:

ராணுவ பேண்டில் 17 ஆண்டுகள் வாசித்து ஊர் திரும்பியவன் நான். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போனவர் இருப்பார் என்பது வேலூர் மாவட்டத்தாருக்குத் தெரியும். பச்மடியில் ராணுவ இசைப் பிரிவில் பயிற்சி, பிறகு வெலிங்டன், அதன் பிறகு வடக்கே பல இடங்கள். திருப்பலியே கிடைக்காத ஞாயிறுகளைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்; அவற்றை நான் நிறையக் கண்டவன்.

ஆசிரியை அவர்கள் குறிப்பிட்ட அதே 1248ஆம் எண்ணின் இரண்டாம் பகுதியில் ஒரு செய்தி இருக்கிறது. குரு இல்லாததாலோ வேறு கனமான காரணத்தாலோ திருப்பலி இயலாதபோது, தனியாகவோ குடும்பமாகவோ சில குடும்பங்கள் சேர்ந்தோ உரிய நேரம் செபத்தில் செலவிடும்படி அது வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது. அது எனக்கு ஏட்டில் படித்த செய்தியாக இல்லை. ஒரு குளிர்காலத்தில், ஜனவரி 29ஆம் நாள் டெல்லி விஜய் சவுக்கில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சிக்காகக் காலை முதல் மாலைவரை ஒத்திகை நடந்தது. எங்கள் குழுவில் கிறிஸ்தவர்கள் நான்கு பேர்: கத்தோலிக்கர் இருவர், மிசோரம் பிரஸ்பிட்டேரியன் ஒருவர், நாகர்கோவில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஒருவர். ஞாயிறு இரவு உணவு முடிந்ததும் கட்டிலுக்கடியிலிருந்து என் கிளாரினெட் பெட்டியை இழுத்து, அதன் மேல் துண்டை விரித்து, பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவத்தை) வைப்போம். டார்ச் வெளிச்சத்தில் அன்றைய நற்செய்தியை வாசிப்போம். குளிரில் விரல் விறைத்துப் பக்கம் புரட்ட வராது. மிசோ நண்பர் தன் மொழியில் மன்றாடுவார். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் அவர் முடித்ததும் நால்வரும் ஆமென் சொல்வோம்.

அந்த வாசகத்தை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டேன் என்றால், இலத்தீன் முறையில் அன்றைய ஞாயிறு வாசகங்கள் எங்கும் ஒன்றுதான். வேலூர் விண்ணேற்பு அன்னைப் பேராலயத்தில் என் அம்மா காலையில் கேட்ட அதே நற்செய்தியைத்தான் நான் இரவில் டெல்லியில் வாசிக்கிறேன் என்ற எண்ணமே என்னை ஊரோடு கட்டிவைத்திருந்தது. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவதால், அந்தந்த ஆண்டுக்குரிய சிறு கையேடு ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அலைபேசியில் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பயணத்தில் முதலில் தீர்ந்துபோவது பேட்டரிதான்.

நாள்தோறும் செய்யக்கூடியது மூவேளைச் செபம். காலை, நண்பகல், மாலை என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் கூட ஆகாது. ஊர்வலத்தில் உச்சி வெயிலில் நிறுத்திவைத்திருக்கும்போது உதடு அசையாமல் சொல்லி முடித்துவிடலாம். செபமாலைக்குப் பத்து மணி கொண்ட விரல் மோதிரம் போதும். யூபோனியத்தில் வலது கை வால்வுகளுக்குப் போய்விடும். மோதிரத்தை இடது கையில் போடுங்கள்.

டிரம்பெட் மாஸ்டர், குடியாத்தம், எழுதியது:

தம்பி, நீ கேட்டதையெல்லாம் நானும் உன் வயதில் கேட்டிருக்கிறேன். இப்போது எனக்கென்று ஒரு குழு இருப்பதால், நோட்டுப் புத்தகத்தில் தேதி எழுதும் இடத்திலிருந்து இதைச் சொல்கிறேன்.

ஞாயிறு திருப்பலி ஞாயிற்றுக்கிழமை அன்று தவறுவதில்லை; இரண்டு மாதத்துக்கு முன், வீட்டார் அட்வான்ஸ் கொடுத்து மாஸ்டர் தேதி குறிக்கும்போதே தவறிவிடுகிறது. அந்த நேரத்தில் உன் பெயரைச் சொல்லி, "இந்தப் பையனுக்கு ஞாயிறு ஒரு மணி நேரம் வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவைக்கச் சொல். பதினான்கு பேர் வாசிக்கும் இடத்தில் ஒருவர் முன்பின் வருவது பெரிய குறையாகாது. முன்னறிவிப்பு இல்லாமல் வராமலிருப்பதுதான் குறை. மாப்பிள்ளை அழைப்பு ஏழு மணிக்கென்றால் ஐந்தரை மணித் திருப்பலி முடித்துவிட்டு வந்து சீருடை மாட்ட நேரம் இருக்கிறது. இளவயதில் நான் வாசித்த ஒரு குழுவில் இதைக் கடைசி நேரத்தில் கேட்டேன். வண்டி கிளம்பிவிட்டது; அன்றைய கூலியும் போயிற்று, திருப்பலியும் போயிற்று. தவறு மாஸ்டர்மீது இல்லை, என்மீதுதான் என்று புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின.

அடுத்து, கிளைக் கிராமங்களை மறந்துவிடாதே. எல்லோரும் பெரிய கோவிலில் காலை ஏழு மணித் திருப்பலி ஒன்றைத்தான் கணக்கில் வைக்கிறார்கள். நம் வடாற்காட்டுப் பங்குகளில் ஒரே சாமியார் பல கிளைகளைப் பார்க்க வேண்டியிருப்பதால், சனி மாலையிலும் ஞாயிறு முற்பகலிலும் சில இடங்களில் ஞாயிறு மாலையிலும் அவர் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் திருப்பலி நிறைவேற்றுவார். அவரும் நம்மைப் போலப் பெட்டியும் உடையும் கட்டிக்கொண்டு அலைபவர்தான். போகும் ஊரின் பங்கு இல்லத்துக்கு வியாழக்கிழமையே தொலைபேசியில் பேசினால், "முகூர்த்தம் முடித்துவிட்டு வா, பதினொன்றரைக்கு இன்ன கிராமத்தில் இருப்பேன்" என்று மனமுவந்து சொல்வார்கள். இப்படி நான் போன கிராமங்களில் சில நாற்பது பேர்கூட இல்லாதவை. சீருடையோடு கடைசி வரிசையில் நின்றேன். முடிந்ததும் குழந்தைகள் வந்து தோளிலிருந்த சரிகைக் குஞ்சத்தைத் தொட்டுப் பார்த்தன.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு வட்டாரத்தில் ஆற்காடு மிஷன் காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. ஆலயங்கள் நிறைய உள்ளன. மணிக்கூண்டையும் சிலுவையையும் பார்த்துவிட்டு உள்ளே போய், ஆராதனை பாதி நடந்த பிறகு புரிந்துகொண்டவர்கள் உண்டு. அவர்கள் நம் சகோதரர்கள், உட்கார்ந்து செபிப்பதில் தவறே இல்லை. ஆனால் அது நம் ஞாயிறு கடனை நிறைவேற்றாது. ஆகவே முன்பே விசாரித்துக்கொள். தங்கவயலுக்குப் போனால் கவலையே வேண்டாம். வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இருக்கின்றன. 2001இல் சுரங்கம் மூடிய பிறகும் கோவில்களில் தமிழ் ஒலித்துக்கொண்டேதான் இருக்கிறது. பெங்களூர் சிவாஜி நகர் புனித மரியன்னைப் பேராலயத்திலும் தமிழ்த் திருப்பலி உண்டு.

ஆகஸ்ட் 15ஐ யாரும் குறிப்பிடவில்லையே. இந்தியாவில் அது கிறிஸ்து பிறப்பைப் போல ஞாயிறு அல்லாத கடன் திருநாள். வேலூர்ப் பேராலயத்தின் பெயரே அன்றைய மரியாவின் விண்ணேற்பு விழாவைத்தான் குறிக்கிறது. அதே நாள் காலையில் நேதாஜி விளையாட்டரங்கத்தில் அணிவகுப்பு, பள்ளிகளில் கொடியேற்றம் என்று எல்லா பேண்டுக்கும் வேலை வந்துவிடும். 14ஆம் நாள் மாலைத் திருப்பலிக்குப் போய்விடு. கடன் நிறைவேறிய மனதோடு காலையில் கொடிக்கு முன் நிற்கலாம்.

அம்மன் திருவிழாவைப் பற்றிக் கேட்டாய். வைகாசி முதல் நாள் எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் எத்தனையோ ஆண்டுகள் வாசித்திருக்கிறேன். நான் கற்ற வழக்கம் இது: வீதியில் வாசிப்பது என் தொழில், தீபாராதனை நேரத்தில் கருவியை இறக்கிப் பிடித்து அமைதியாக நிற்பேன், குங்குமமும் பிரசாதமும் நீட்டினால், "ஐயா, நான் மாதா கோவிலுக்குப் போகிறவன், மன்னிக்க வேண்டும்" என்று கைகூப்பிச் சொல்வேன். இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. என் குழுவில் உள்ள இந்துப் பிள்ளைகள், சேத்துப்பட்டு லூர்து அன்னைத் தேர் புறப்படும்போது நான் சொல்லாமலே செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிடுகிறார்கள். அந்த மரியாதையை நானும் திருப்பித் தர வேண்டாமா? ஆனாலும் உன் மனச்சான்று உறுத்தினால் உன் சாமியாரிடம் பேசி, அவர் சொல்கிறபடி நட. இதில் என் வழக்கம் உனக்குச் சட்டமாகாது.

தேர்பவனி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் திருவழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட ஆவணத்தில், கோவிலுக்கு வெளியே நடக்கும் பவனிகளில் ஆயரின் அனுமதியோடு பேண்டு வாசிக்கலாம், உலகியல் மெட்டுகள் கூடாது என்று எழுதியிருக்கிறார். அந்த நவம்பர் 22 இசைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். அன்று எங்கிருந்தாலும் என் டிரம்பெட்டைத் துடைத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டு, திருப்பலிக்குப் பின் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிக்கொள்வது என் வழக்கம். மாதா தேருக்கு முன்னால் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. நீ அதைச் செய்யாதே.

சைட் டிரம் வீட்டுக்காரி, அரக்கோணம், எழுதியது:

தம்பி, என் கணவர் 30 ஆண்டுகள் சைட் டிரம் வாசித்தவர். நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வீட்டில் செபமாலை சொல்லும்போது தொலைபேசியில் உன் அம்மாவை அழைத்து, செபமாலையில் பத்து மணிகளையாவது சேர்ந்து சொல். என் கணவர் ஒசூரிலோ திருப்பதியிலோ மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, சுற்றிலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே மறுபாதியைச் சொல்லுவார். பிள்ளைகள் அப்பா குரலுக்காகவே தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மற்றவர்கள் குடிக்க அழைக்கும் நேரமும் அதுதான் என்று பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

காட்பாடி யூபோனியம் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். சொன்னவற்றைச் செய்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

எங்கள் மாஸ்டரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டேன். அவர் இந்து, "இதை முதல் வருடமே சொல்லியிருக்கலாமே" என்றுதான் கேட்டார். தை முதல் வைகாசி வரை உள்ள ஞாயிறுகளை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்தந்த ஊர்ப் பங்கு இல்லங்களுக்குப் பேசி, திருப்பலி நேரத்தைத் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். பெரும்பாலானவற்றுக்கு வழி கிடைத்துவிட்டது. மூன்று ஞாயிறுகளுக்கு மட்டும் எவ்வளவு முயன்றும் கிடைக்கவில்லை. சனி நண்பகல் முதல் ஞாயிறு இரவு வரை இடைவெளியே இல்லை. அந்த மூன்று தேதிகளையும் தாளில் எழுதி எங்கள் பங்குத்தந்தையிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, அந்தக் கடமையை அதே வாரத்தில் ஒரு வார நாள் திருப்பலியாகவும், ஞாயிறு வாசகங்களை வாசித்து ஒரு செபமாலை சொல்வதாகவும் மாற்றிக் கொடுத்தார். அம்மன் திருவிழாவைப் பற்றியும் பேசினேன். குடியாத்தம் மாஸ்டர் ஐயா கடைப்பிடிக்கும் முறையையே கடைப்பிடிக்கச் சொன்னார்.

இந்தச் சனிக்கிழமை தங்கவயல் செல்கிறோம். ஞாயிறு முகூர்த்தம் ஆறு மணிக்கு. தமிழ்த் திருப்பலி எட்டரைக்கு என்று கோவில் அலுவலகத்தில் சொன்னார்கள். மண்டபத்திலிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். எங்கள் குழுவின் பேஸ் டிரம் வாசிக்கும் அண்ணன் என் கருவியைத் தானே வண்டியில் ஏற்றிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.